வேலிக்கு ஓணான் சாட்சி

போன தை மாதம் எங்கள் கொறங்காட்டின் கிழக்கு வேலியை எடுத்தோம். காங்கேயம் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், இங்கே வேலி என்றால் கிளுவை முள்மரம்தான். நடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், அதில் மேயும் மாடு, சுற்றிலும் கிளுவை. இவ்வளவும் சேர்ந்தால்தான் கொறங்காடு. மாமனார் காலத்து வேலி அங்கங்கே சந்து விட்டிருந்தது, ஆடுகள் அடுத்தவர் காட்டுக்குள் புகுந்தன. கம்பிவேலி போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது நானும் சரி என்றேன். விலங்கியல் படித்தவள், ஒரு வார்த்தை யோசித்திருக்கலாம். காலை ஏழு மணிக்குப் பொக்லைன் வந்துவிட்டது.

முதல் பத்தடி வேரோடு பெயர்ந்ததும் சருகுக்குள்ளிருந்து ஓர் ஒடக்கான் உருண்டு விழுந்தது. ஓணானை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஓடவில்லை. கவிழ்ந்த இடத்திலேயே கிடந்தது.

"செத்துக் கெடக்குது கண்ணு, அந்தால தூக்கிப் போடு" என்றார் அத்தை.

"இல்லைங்கத்தை, வயிறு அசையுதுங்க."

கையில் எடுத்தேன். விடியற்காலைக் கிணற்றடிக் கல் மாதிரி சில்லென்று இருந்தது. நிறம் காய்ந்த கிளுவைப் பட்டைதான், பிரித்துச் சொல்ல முடியாது. வாலடி தடித்திருந்ததால் ஆண் என்று தெரிந்தது, ஆனால் தலையில் துளிச் சிவப்பு இல்லை. கண் மூடியிருந்தது. உச்சந்தலையில், செதில்களுக்கு நடுவே, கடுகைவிடச் சின்னதாக ஒரு வெளிறிய புள்ளி. கல்லூரியில் படம் வரைந்து பெயர் எழுதிய அந்தப் புள்ளியை உயிரோடு இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெயில் விழுந்த பாறை மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் உடம்பு கறுக்கத் தொடங்கியது. வெயிலை அதிகம் உறிஞ்சிக்கொள்ள அது செய்கிற ஏற்பாடு. அப்புறம் ஒரு கண் திறந்தது. இருபது நிமிடம் கழித்து முன்னங்காலை ஊன்றி எழுந்தது, திரும்பிப் பார்க்காமல் மிச்சமிருந்த வேலிக்குள் ஓடிவிட்டது.

அது உறங்கிக்கொண்டிருந்ததா? வடநாட்டுக் குளிரில் இதே ஓணான் மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். தார்ப் பாலைவனத்து முள்வால் ஓணான் வளை வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க உள்ளேயே இருக்கும். நம் ஊரில் அப்படி இல்லை. மார்கழியிலும் உச்சி வெயில் ஏறினால் வெளியே வரும், விடிகாலைக் குளிரில் மட்டும் கட்டை மாதிரி கிடக்கும். வெளித்தோற்றம்தான் வேறு, பருவத்துக்குப் பருவம் உடம்புக்குள் ஹார்மோன் ஏறி இறங்குவது இரண்டு இடத்திலும் உண்டு.

உச்சந்தலையில் பார்த்த அந்தப் புள்ளி மூன்றாவது கண். உருவம் எதையும் பார்க்காது, வெளிச்சத்தை மட்டும் உணரும். அதற்கு அடியில் பினியல் சுரப்பி இருக்கிறது, இருட்டில் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரப்பது அதன் வேலை. இரவு நீண்டால் சுரக்கும் நேரமும் நீளும். மூளை இந்தக் கணக்கையும் சூட்டின் கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறது. நம் கொங்கு நாட்டில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதனால் சூட்டையும் மழையையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. குளிர்மாதங்களில் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அடங்கியிருக்கும், விந்தகம் சுருங்கிக் கிடக்கும், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அடிமட்டத்தில் நிற்கும். சூடு ஏற ஏற எல்லாம் திரும்பும். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தாப்லியால், ஹல்தார் என்ற ஆய்வாளர்கள் நம் தோட்டத்து ஓணானில்தான் இதைச் சோதித்தார்கள், பினியலை எடுத்துவிட்டால் விந்தகம் ஒளிக்கு எப்படி மாறுகிறது என்று. 1979இல் வந்த ஆய்வு அது.

சித்திரை, வைகாசியில் ஆண் ஒடக்கானின் தலையும் தோளும் செக்கச்செவேல் என்று ஆகிறதே, அது இந்த ஹார்மோன் ஏறிய பருவத்தின் நிறம். எங்கள் சின்ன வயதில் அதை ரத்தம் என்றார்கள். தூரத்திலிருந்தே நம் ரத்தத்தை உறிஞ்சுகிறது, தொப்புளை மூடிக்கொள் என்பார்கள். ராமர் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்தது, ஒடக்கான் மூத்திரம் கொடுத்தது என்று ஒரு கதையும் உண்டு. அந்தக் கதையின் பேரில் என் அண்ணன்மார் புல்லில் சுருக்குப் போட்டுப் பிடித்து, கல்லால் அடித்துக் கொன்றவை எத்தனையோ. கல் பொறுக்கிக் கொடுத்தது நான். துணை தேடி வேலி உச்சியில் ஏறி நின்றதால்தான் அவை எங்கள் கண்ணில் பட்டன.

பெண் ஓணானின் கதை இன்னும் நுணுக்கமானது, அதைப் பேசுவார் குறைவு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறியதும் கல்லீரல் மஞ்சள்கருவுக்கான புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது, சினைப்பை அதை எடுத்து முட்டையை நிரப்புகிறது. இதை ஒரு தொல்லை நிறுத்திவிட முடியும். மைசூரில் கணேஷ், யஜுர்வேதி என்ற ஆய்வாளர்கள் இருவரும் அரணைகளை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. பருவம் தொடங்கும் நேரத்தில் தொடர்ந்து அலைக்கழித்தால் சினைப்பை வளர்ச்சியே தடைபடுகிறது. அரணைக்கு நடப்பது ஒடக்கானுக்கும் அப்படியே நடக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அதை மறுபடி எடுத்துப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தை மாதத்தில் வேலிக்குள் பொக்லைன் விட்டவள் நான்.

தென் அமெரிக்காவில் தேகு என்று ஒரு பெரிய பல்லியினம், நம் உடும்பு மாதிரி இருக்கும். குளிர்மாதங்களை வளைக்குள் கழித்துவிட்டு வெளியே வரும். இனப்பெருக்கப் பருவத்தில், ராத்திரி வளைக்குள் படுத்திருக்கும்போது அதன் உடம்புச் சூடு வளையின் சூட்டைவிட 10 டிகிரி வரை கூடுகிறது என்று 2016இல் கண்டுபிடித்தார்கள். குளிர்ரத்தப் பிராணி என்று நாங்கள் பரீட்சையில் எழுதிய ஒன்று, பருவம் வந்ததும் தானே சூடு உண்டாக்குகிறது. எனக்கு இதைவிட அதிசயம் வேறில்லை.

சரி, எங்கள் காட்டுக்கு வருகிறேன். கிழக்குப் பக்கம் இப்போது கம்பிதான், அதில் ஒடக்கானைப் பார்ப்பது அரிது. மற்ற மூன்று பக்கத்தையும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சந்து விட்ட இடங்களில் கிளுவைக் குச்சி ஊன்றியிருக்கிறோம், துளிர்த்திருக்கிறது.

சித்திரைக் கடைசியில் ஒரு காலை அத்தையும் நானும் ஆட்டுக்குத் தண்ணீர் எடுத்துப் போனோம். வடக்கு வேலி உச்சியில் ஒன்று, தோள் வரை சிவந்து, முன்னங்காலை ஊன்றி ஊன்றித் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. அத்தை குடத்தை இறக்கிவிட்டு நின்றார்.

"அன்னைக்கு வெயில்ல வெச்சியே, அதா?"

"தெரியலைங்கத்தை."

நான் இன்னும் கிட்டப் போகக் கால் எடுத்தேன். முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"மெல்ல வா கண்ணு, ஓடிரும்."