கயிறும் கையெழுத்தும்

2019 ஜூன் 26, புதன்

நான்கு பேரைத் தூக்கிலிட ஜனாதிபதி மைத்திரி கையெழுத்துப் போட்டுவிட்டாராம். நால்வரும் போதைப்பொருள் வழக்குக் கைதிகள். 1976 ஜூனுக்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கிலிட்டதில்லை. நீதிமன்றம் மரண தண்டனை விதிக்கும், கைதி சிறையிலேயே கிழவனாவான், அவ்வளவுதான். பெப்ரவரியில் அலுகோசு, அதாவது தூக்குப் போடுபவர், வேலைக்கு விளம்பரம் வந்தபோது எங்கள் போட்டோ கொப்பிக் கடையில் எல்லோரும் சிரித்தோம். நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள் என்று கேள்விப்பட்டதும் சிரிப்பு நின்றது.

ஜூன் 28

மீன்கார அக்காவுக்குக் கொண்டாட்டம். "தூக்கட்டும் தம்பி, நாலு பேர் காணாது." அவரின் மகன் போதைத்தூளுக்காக முதலில் காஸ் சிலிண்டரை விற்றான், அப்புறம் அக்காவின் தோட்டை. அந்தக் காதுக்கு முன்னால் நின்று நான் என்ன நியாயம் பேச? பாரையைச் செதில் உரசிக்கொண்டே அவரே கேட்டார்: "ஆனா கயித்தில போறது பொட்டலம் வித்தவனோ, கடலால கொண்டு வந்தவனோ?" எனக்குப் பதில் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஜூலை 1

ஒன்றை மறைக்கக்கூடாது. புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில் 2017 செப்டெம்பரில் ஏழு பேருக்கு மரண தண்டனை என்று தீர்ப்பு வந்த இரவு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். கோபத்துக்கு ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கோபத்தில் சட்டம் எழுதினால்? மரண தண்டனையை நிறுத்தி வைத்தது பிரதமர் பண்டாரநாயக்க அரசு. 1959இல் அவரையே சுட்டதும் கயிறு திரும்பி வந்தது. சுட்ட சோமாராம தேரரை 1962இல் தூக்கிலிட்டார்கள்.

ஜூலை 3, புதன்

இன்று கடையில் கை ஓடவில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் வழக்கு. போதிய சாட்சியம் இல்லை என்று குற்றம் சாட்டப்பட்ட பதின்மூன்று பேரையும் விடுவித்துவிட்டார்கள். சாட்சிகள் பயந்து நாட்டை விட்டே போன வழக்கில் சாட்சியம் எங்கிருந்து வரும்?

அவர்கள் எங்கள் வயதுப் பெடியன்கள். பின்னேரம் காந்தி சிலைப் பக்கம் போனேன். சின்னதுகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள், கச்சான் விற்பவர் வழக்கமான இடத்தில் நின்றார். கொன்றவர் யார் என்றே பதின்மூன்று வருடமாகச் சொல்ல முடியாத அதே அரசிடம், இவனைக் கொல்லலாம் என்று முடிவெடுக்கும் உரிமையை எந்த நம்பிக்கையில் கொடுப்பது? பிழையாகத் தூக்கினால் யாரிடம் மேன்முறையீடு செய்வது?

ஜூலை 5

உயர் நீதிமன்றம் ஒக்டோபர் 30 வரை இடைக்காலத் தடை போட்டிருக்கிறது. அக்காவுக்குச் சொன்னேன். "அப்ப இனி அவனுகள் உள்ளுக்கே சோறு தின்னட்டும்" என்று தராசைத் தட்டினார்.

2020 மார்ச் 27

ஊரடங்கு. கடை பூட்டு. நேற்று மிருசுவில் வழக்கின் இராணுவச் சிப்பாய்க்கு ஜனாதிபதி கோட்டாபய பொதுமன்னிப்புக் கொடுத்திருக்கிறார். 2000ஆம் ஆண்டு, ஐந்து வயதுப் பிள்ளை உட்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கு. 2015இல் மரண தண்டனை. போன வருடம்தான் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. போன வருடம் தூக்கக் கையெழுத்து, இந்த வருடம் விடக் கையெழுத்து. இரண்டும் ஒரே கதிரையில் இருந்துதான்.

தூக்க வேண்டாம் என்று சொன்னவன் நான். வீட்டுக்கு அனுப்பு என்று எப்போது சொன்னேன்?

அக்காவுக்கு இதை என்ன சொல்லி விளங்கப்படுத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஊரடங்கு எடுக்கும்வரை அவர் மீன் கொண்டு வரப்போவதும் இல்லை.