கறுத்துப்போன விரல்

காலையில் படகில் தேநீர்ப் பாத்திரத்தின் அடியைத் தொட்டேன். விரல் முழுக்கக் கரி.

மண்ணெண்ணெய் தீர்ந்ததும் நேற்று பம்ப் அடுப்பில் டீசலை ஊற்றியது நான்தான். இன்ஜின் தொட்டி நிறைய இருக்கிறதே, எதற்கு இன்னொரு கேன் என்ற கஞ்சத்தனம்.

டீசல் கனமான எண்ணெய். ஆவியாக அதிகச் சூடு கேட்கும். அது கிடைக்காத பர்னரில் மஞ்சளாக எரிந்து, புகைந்து, நாசிலைக் கரியால் அடைத்துவிடும். மண்ணெண்ணெய் சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். நீலமாக எரியும்.

படகின் கேபினைச் சூடாக்கும் ஹீட்டர் கதை வேறு. டீசலுக்கென்றே செய்தது, புகைபோக்கி உள்ளது என்றால் இன்ஜின் தொட்டியிலிருந்தே குடிக்கட்டும், சரி.

எதை எரித்தாலும் கேபினுக்குள் காற்று வர வேண்டும். எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஊசியால் நாசிலைக் குத்திக்கொண்டிருக்கிறேன். தேநீர் இன்னும் வரவில்லை.