மிளகு, டைகர், அப்புறம் அந்த முயல்

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். மிளகு பெரியவள், பத்து வயது தாண்டிவிட்டது, கறுப்பு முகத்தில் முகவாய் மட்டும் வெள்ளையாக நரைத்துக் கிடக்கிறது. டைகர் சின்னவன், பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது, இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் முதலில் போய்ச் சேர்கிறவன் அவன்தான். வீட்டுக்குள் இருக்கும்வரை இரண்டுமே சரியான சோம்பேறிகள். மிளகு ஜன்னல் ஓரத்து வெயில் எங்கே நகர்கிறதோ அங்கே நகர்ந்து படுப்பாள், டைகர் யார் காலிலாவது தலையை வைத்துக்கொண்டு குறட்டை விடுவான். வெளியே கூட்டிக்கொண்டு போனால்தான் இவர்கள் யார் என்றே தெரியும்.

வெளியே போகப் போகிறோம் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. வேலைக்குப் போகும் ஷூவை எடுத்தால் மிளகு கண்ணைக்கூடத் திறக்க மாட்டாள். சேறு காய்ந்து ஒட்டியிருக்கும் பழைய ஷூவைத் தொட்டால் போதும், டைகர் கூடத்தில் வட்டமடிக்க ஆரம்பித்துவிடுவான், மிளகு எழுந்து கதவோரம் போய் உட்கார்ந்து ‘இவன் ஆட்டம் முடியட்டும்’ என்பது மாதிரி ஒரு பெருமூச்சு விடுவாள். டைகருக்கு நாங்கள் வைத்திருக்கும் ஒரே சட்டம், உட்கார்ந்தால்தான் கொக்கி மாட்டுவோம், கொக்கி மாட்டினால்தான் கதவு திறக்கும். கை ஹார்னஸுக்கு, அதாவது அவன் மார்பில் மாட்டியிருக்கும் பட்டைக்குப் பக்கத்தில் போகும்போது பின்பக்கம் தரையிலிருந்து அரை அங்குலம் எழும்பும், கையைப் பின்னால் எடுத்தால் உடனே உட்காரும், மறுபடி கை, மறுபடி அரை அங்குலம். கத்தவே வேண்டாம், அந்த ‘க்ளிக்’ சத்தத்துக்காக அவன் எதையும் பொறுத்துக்கொள்வான்.

நடைக்குப் போனால் மோப்பம் பிடிக்க விடுங்கள் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் கேட்பதில்லை. நாய் ஒரு புல்லை மோந்தால் “சீ, வா” என்று கழுத்தைப் பிடித்து இழுக்கிறார்கள், அப்புறம் வீட்டுக்கு வந்தும் அது அடங்கவில்லை, சோபாவைக் கடிக்கிறது என்று புலம்புகிறார்கள். மனுஷ மூக்கில் வாசனை பிடிக்கும் ஏற்பிகள் ஐம்பது அறுபது லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கும் மேலே. அதோடு, நாய் மூச்சை வெளியே விடும்போது அது மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் போவதால் முன்னால் இருக்கும் வாசனை கலைவதே இல்லை. மிளகு ஒரு வேலிக் கம்பத்தை மோப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் அடி, அப்புறம் ஒரு சாண் மேலே, அப்புறம் பின்பக்கம், நடுவில் ஒருமுறை நிறுத்தித் தலையைத் தூக்கி யோசனை, மறுபடி அடி. மூக்கின் ஈர ஓரம் துடித்துக்கொண்டே இருக்கும். முன்னே போன நாய் ஆணா பெண்ணா, எப்போது வந்தது, என்ன நிலையில் இருந்தது என்று அவளுக்கு அங்கே எத்தனையோ தெரிகிறது, நாம் அதைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போவது அநியாயம். அரை மணி நேரம் நன்றாக மோந்துவிட்டு வந்த நாள்களில் அவள் தூங்குகிற தூக்கமே வேறு.

இன்னொரு வேடிக்கை. செக், ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்களைக் கவனித்து 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரங்களில் நாய்கள் வடக்கு தெற்காக உடம்பை வைத்துக்கொண்டுதான் மலம் கழிக்க விரும்புகின்றனவாம். அதற்கு அடுத்த வருடம் இக் நோபல் பரிசும் கிடைத்தது, சிரிக்க வைத்துவிட்டு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற பரிசு அது. நானும் போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு பின்னாலேயே போய்ப் பார்த்தேன். மிளகுக்கு அது பிடிக்கவில்லை, நான் குனிந்தாலே திரும்பி என்னை முறைத்துவிட்டு இடத்தை மாற்றினாள். டைகருக்கு எந்தத் திசையும் ஒன்றுதான்.

தினசரி நடை இப்படி. லீவு நாளில் நேரம் கிடைத்தால் மலையடிவாரத்துப் பக்கம் போவோம், நான், தங்கச்சி, இவர்கள் இரண்டு பேர். மேயும் மாடு ஆடோ காட்டு விலங்குகளோ இருக்கிற பகுதியில் கயிறு கையை விட்டுப் போகாது, அதில் பேச்சே இல்லை. அதைத் தாண்டி மேலே ஒரு திறந்த புல்வெளி இருக்கிறது, நாலா பக்கமும் கண்ணுக்கெட்டும் தூரம் தெரியும், அங்கே மட்டும் அவிழ்த்துவிடுவோம். அங்கேதான் மிளகின் உண்மையான வேலை ஆரம்பிக்கும். அவள் ஆள் எண்ணுகிறவள். கொஞ்ச தூரம் முன்னால் போவாள், நிற்பாள், திரும்பி நான், தங்கச்சி, டைகர் என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள், சரியாக இருந்தால் மேலே நடப்பாள். தங்கச்சி ஷூ கயிறு கட்டப் பின்தங்கிவிட்டால் மிளகு நின்ற இடத்திலிருந்து அசைய மாட்டாள். டைகர் இதற்கு நேர் எதிர். அவன் ஓடுவான், ஓடிவந்து நம் கையில் மூக்கால் ஒரு இடி இடித்துவிட்டு அடுத்த நொடியே மறுபடி ஓடுவான். அவன் ஆள் எண்ணுவது அப்படி.

ஒருநாள் அவன் திரும்பி வரவில்லை. புதரிலிருந்து ஒரு முயல் கிளம்பியது, நாங்கள் அதன் காதைப் பார்ப்பதற்குள் டைகர் அதன் பின்னால் சரிவில் இறங்கிவிட்டான். விசில் அடித்தேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், தூரத்தில் ஒரு குரைப்பு கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. தேடிக்கொண்டு கீழே இறங்கலாம் என்று கிளம்பினேன், தங்கச்சி கையைப் பிடித்து நிறுத்தினாள். “அண்ணா, நீயும் போயிட்டா அவன் வந்து யாரைத் தேடுவான்? விட்ட இடத்துலயே இரு.” அவள் சொன்னதுதான் சரி. ஓடிப்போன நாய் பெரும்பாலும் நம்மைப் பிரிந்த இடத்துக்குத்தான் திரும்பி வரும், அங்கே யாராவது ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், இருட்டிவிட்டது, போய்த்தான் ஆக வேண்டும் என்றால் நாம் போட்டிருந்த சட்டையையாவது அங்கே விட்டுவிட்டு வர வேண்டும். இது எங்களுக்கு முன்பே தெரிந்ததுதான், ஆனால் அந்த நேரத்தில் காலுக்கு அது தெரியவில்லை.

மிளகு சரிவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வைத்தோம், குடிக்கவில்லை. காது மட்டும் மாறி மாறித் திரும்பிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் போனது என்று சொல்லத் தெரியவில்லை, நிழல் நீண்டுவிட்டது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. திடீரென்று மிளகு எழுந்து, சரிவுக்கு எதிர்ப்பக்கம் திரும்பி வாலை ஆட்டினாள். எங்களுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்களுக்குப் பின்னால், அவன் போகவே போகாத பக்கத்திலிருந்து டைகர் வந்தான், நாக்கு ஒரு முழம் வெளியே, காதெல்லாம் முள், ஒரு குற்ற உணர்ச்சியும் கிடையாது. வந்ததும் திட்டக் கூடாது, அது முக்கியம். எவ்வளவு பயந்து போயிருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு “நல்ல பையன்” என்றுதான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் திரும்பி வந்ததற்குத்தான் திட்டு என்று அவன் புரிந்துகொள்வான், அடுத்த முறை வர யோசிப்பான். மிளகுக்கு அந்தச் சட்டமெல்லாம் இல்லை, நேராகப் போய் அவன் முகத்துக்கு முன்னால் ஒரே ஒரு அதட்டல் போட்டாள்.

ஏன் வேறு பக்கமாக வந்தான் என்பது ரொம்ப நாள் மண்டையைக் குடைந்தது. 2020-ல் வெளிவந்த ஒரு ஆய்வைப் பிறகுதான் படித்தேன், இதுவும் செக் நாட்டு ஆட்கள்தான். 27 வேட்டை நாய்களுக்கு ஜிபிஎஸ் காலர் மாட்டிக் காட்டில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். நிறைய நாய்கள் போன தடத்தையே மோந்து திரும்பின, சில புத்தம் புது வழியில் வந்தன. அப்படிப் புது வழியில் வந்தவை கிளம்புவதற்கு முன்னால் பெரும்பாலும் வடக்கு தெற்காக ஒரு 20 மீட்டர் ஓடிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுப் பக்கம் திரும்பினவாம், அப்படி ஓடிப் பார்த்த நாய்கள் இன்னும் நேரான பாதையில் வந்து சேர்ந்திருக்கின்றன. காந்தப்புலத்தை வைத்து மனதிலிருக்கும் வரைபடத்தைச் சரி செய்துகொள்கின்றன என்பது அவர்கள் ஊகம். டைகருக்கு அப்படி ஒரு வரைபடம் உள்ளே இருக்கிறது என்று நம்பக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்து சேர்ந்தானே. என்னவானாலும் இப்போது முயல் நடமாடும் காலை மாலை வேளைகளில் அவனுக்குப் புல்வெளியிலும் நீளக் கயிறுதான்.

தண்ணீர் விஷயத்தில் மிளகுதான் ராணி. ஓடும் ஓடையாக இருந்தால் இறங்க விடுவோம், தேங்கிக் கிடக்கும் குட்டை என்றால் எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் வரும், அது நாயோடு நிற்காது, நமக்கும் தொற்றும். பச்சையாகப் பாசி படர்ந்த தண்ணீரில் சில வகை நச்சு நாயைச் சில மணி நேரத்திலேயே கொன்றுவிடும். கரையேறியதும் அவள் ஏன் நம் பக்கத்தில் வந்துதான் உதற வேண்டும் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. டைகர் கரையில் நின்று அவளைப் பார்த்துக் குரைப்பதோடு சரி. அவனுக்குப் பந்துதான். சிவப்புப் பந்து வாங்காதீர்கள், நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகத் தெரியும், பச்சைப் புல்லில் சிவப்புப் பந்து கிடந்தால் அது மூக்கை வைத்துத்தான் தேடியாக வேண்டும்.

வெயிலைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன், யாருக்குக் கோபம் வந்தாலும் சரி. நாய்க்கு நம்மை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, உள்ளங்காலில் கொஞ்சம் வேர்க்கும், மற்றபடி இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். சாதாரணமாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் உடம்பு 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பித்துவிடும். பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான இனங்களுக்கு இரைப்பதே சிரமம், அவற்றை மதிய வெயிலில் ஓட வைப்பது கொடுமை. கிளம்பும் முன் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள், ஏழு விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயும் அதில் நடக்கக் கூடாது. எச்சில் கெட்டியாக வழிகிறது, ஈறு செக்கச்செவேல் என்று இருக்கிறது, நடை தள்ளாடுகிறது என்றால் முதலில் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், அதற்கு அப்புறம்தான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நம்மோடு வர வேண்டும் என்பதற்காக இவை முடியவில்லை என்று காட்டிக்கொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கும், போதும் என்று சொல்ல வேண்டியது நாம்தான்.

திரும்பி வந்ததும் உண்ணி பார்க்கிற வேலை. காது மடலுக்குள், அக்குள், விரலிடுக்கு, காலருக்கு அடியில். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுக்க வேண்டும், எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி காட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். மிளகு இதற்கு மல்லாக்கப் படுத்துக்கொள்வாள். டைகருக்கு இரண்டு பேர் வேண்டும்.

நாய் என்றதும் எல்லோரும் நன்றியைப் பற்றித்தான் பேசுகிறார்கள், சோறு போட்டவர் பின்னால் சுற்றும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் இவர்களுக்குச் சாப்பாடு வைப்பது அம்மா, மலைக்கு அம்மா வருவதே இல்லை, ஆனாலும் அங்கே மிளகு எங்களை எண்ணாமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாள். இது சோற்றுக் கணக்கு இல்லை, கூட்டமாகத் திரிகிறவர்களின் கணக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதோடு இது ஒருவழிப் பாதையும் இல்லை. ஜெர்மனியில் பான் நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914-ல் கல் உடைக்கும்போது ஒரு ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய் என்று சேர்த்துப் புதைத்த எலும்புகள் கிடைத்தன, சுமார் 14,000 வருடம் பழையவை. அந்த நாய் ஏழு மாதக் குட்டி. அதன் பல்லை ஆராய்ந்தவர்கள், அது நாலைந்து மாதத்திலேயே டிஸ்டெம்பர் என்ற கடுமையான வைரஸ் நோயில் விழுந்திருக்கிறது, யாராவது கூட இருந்து பார்த்துக்கொள்ளாமல் அத்தனை வாரம் பிழைத்திருக்கவே முடியாது என்கிறார்கள். காவலுக்கோ வேட்டைக்கோ உதவாத, எழுந்து நிற்கக்கூட முடியாத ஒரு குட்டியை யாரோ மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள்.

மிளகுக்கு இப்போது இடுப்பு மூட்டில் தேய்மானம் வந்திருக்கிறது. வலிக்கு மருந்து போகிறது, எடை ஏறாமல் பார்த்துக்கொள்கிறோம், நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை, குறைவான தூரம், அடிக்கடி, மெதுவாக என்றார். அதனால் மலைக்குப் போனாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். நானும் மிளகும் அடிவாரத்திலேயே ஒரு வேலி முழுக்க மோந்துகொண்டு நகர்வோம், தங்கச்சியும் டைகரும் மேலே ஏறுவார்கள். மிளகு இதற்குச் சீக்கிரமே பழகிவிட்டாள். டைகர்தான் பழகவில்லை, பாதி வழியில் நின்றுகொண்டு பெரியவள் வரட்டும் என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறானாம், அவனைத் தள்ளிக்கொண்டு ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது என்று தங்கச்சி புலம்புகிறாள்.