எம்ஜிபி-யில் பிரேக் பிடித்துக்கொண்டால் முதலில் நிப்பிளைத் திறங்கள்

1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி (MGB) என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் முன்னே டிஸ்க் பிரேக், பின்னே டிரம் பிரேக். ஒரு சக்கரம் இறுகிச் சூடேறினால் பலரும் உடனே டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றிவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்தால் பாதி வேலை மிச்சம்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். பெடலைச் சிலமுறை அழுத்தி விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். டிஸ்க்கில் பேட் லேசாக உரசும் சத்தம் இயல்புதான். இறுகி நின்றால் அந்தச் சக்கரத்தின் பிளீட் நிப்பிளை (பிரேக் திரவத்தை வெளியே விடும் சிறு திருகு) கால் சுற்றுத் திறங்கள். திரவம் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் எங்கோ சிக்கியிருக்கிறது. விடுபடவில்லை என்றால் பேடைத் தள்ளும் பிஸ்டனோ பேடோ துருவில் இறுகியிருக்கிறது.

அழுத்தம் சிக்கியிருந்தால் நிப்பிளை மூடி, மீண்டும் பெடலை அழுத்தி விட்டு, இம்முறை ரப்பர் ஹோஸுக்கு முன், பெடல் பக்கமுள்ள இரும்புக் குழாயின் இணைப்பைத் தளர்த்துங்கள். அப்போதும் சக்கரம் இறுகியே இருந்தால் குற்றவாளி ஹோஸ்தான். வெளியே புதிதுபோல் தெரியும் ஹோஸ்கூட உள்ளே வீங்கி அடைத்திருக்கும்: காலின் பலம் திரவத்தைத் தள்ளிவிடும், திரும்பி வரத்தான் வழியிருக்காது. பின் அச்சுக்கு ஒரே ஹோஸ் என்பதால் அது அடைத்தால் பின்சக்கரம் இரண்டும் பிடிக்கும்.

நான்கு சக்கரமும் பிடித்தால், அதுவும் சூடேறிய பிறகே பிடித்தால், பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். பெடலில் சுமார் 3 மி.மீ. வெற்று அசைவு இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளிருக்கும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காமல், திரவம் தொட்டிக்குத் திரும்பும் நுண்துளையை மூடியே வைத்திருக்கும். சூட்டில் விரியும் திரவம் போக இடமின்றி பிரேக்கை அழுத்தும். பெடலில் முட்டும் பிரேக் லைட் சுவிட்சை அதிகம் திருகியிருந்தாலும் இதே கதி. யாராவது எஞ்சின் ஆயில் ஊற்றியிருந்தால் ரப்பர் எல்லாம் ஊதியிருக்கும். எல்லா சீலையும் ஹோஸையும் மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

காலிப்பர் பிஸ்டனைப் பின்னிழுப்பது ஸ்பிரிங் அல்ல, சதுர வெட்டுள்ள ரப்பர் சீல். பிஸ்டனின் குரோம் பூச்சில் துருக்குழி விழுந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. துருப்பிடிக்காத எஃகுப் பிஸ்டன் போடுங்கள். காலிப்பரின் இரு பாதிகளையும் பிரிக்காதீர்கள். சீலுக்குச் சிவப்பு ரப்பர் கிரீஸ் மட்டும். டாட் 4 பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். துருவே அங்கிருந்துதான் வருகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பின்சக்கரத்தில் நிப்பிளைத் திறந்தும் இறுக்கம் போகவில்லை என்றால் ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்திப் பாருங்கள். டிரம்முக்குள் உரசும் ஷூ தேய்ந்ததைக் கேபிளை இறுக்கிச் சரிக்கட்டுவது தவறான பழக்கம். அப்படிச் செய்தால் ஷூக்கள் டிரம்மை விட்டு விலகவே விலகாது. கேபிளைத் தளர்த்தி, பின்தட்டின் சதுரத் தலை அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டும்வரை திருப்பி, ஒரு கிளிக் பின்வாங்குங்கள். கேபிளை அதன் பிறகே இறுக்க வேண்டும்.