மெருகுக்கு முன்பு ஒரு கொலுசு

பளபளப்பான வெள்ளிக்குப் படத்தில் சொந்த நிறம் கிடையாது. மெருகு போட்ட கொலுசைக் கேமரா முன்னால் வைத்தால், எதிரே இருக்கும் ஜன்னல், பக்கத்துச் சுவர், கேமராவின் கறுப்பு உடம்பு, குனிந்து நிற்கும் நம் முகம் எல்லாம் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கொலுசு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து, கறுப்பு வெள்ளை ஃபிலிமில் கொலுசுகளை எடுக்கப் பழகிய காலத்தில்தான் இது எனக்கு உறைத்தது.

ஸ்டுடியோவுக்குச் சோறு போட்டது கல்யாண ஆல்பமும் பாஸ்போர்ட் படமும்தான். இடையிடையே செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வருவார்கள். புது டிசைன் ஒன்று முடிந்தால், வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்ப அவர்களுக்குப் படம் வேண்டும். கலர் ஃபிலிம் அப்போதே எல்லா இடத்திலும் வந்துவிட்டது. ஆனாலும் வெள்ளிச் சாமானுக்குக் கறுப்பு வெள்ளைதான் என்பதில் எங்கள் முதலாளி உறுதியாக இருந்தார். சாதாரணக் கலர் ஃபிலிமில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் வெள்ளியில் பச்சை பாயும். குண்டு பல்பில் எடுத்தால் மஞ்சளடித்துப் பித்தளை மாதிரி ஆகிவிடும். கறுப்பு வெள்ளையில் அந்தத் தொல்லை இல்லை. தவிர, ஃபிலிமில் உருவம் தருவதும் வெள்ளிதானே. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பு டெவலப்பர் என்ற ரசாயனக் கரைசலில் உலோக வெள்ளியாக மாறுகிறது. படாதது ஹைப்போ என்ற இன்னொரு கரைசலில் கரைந்துபோகிறது. அந்தப் பழைய ஹைப்போவை நாங்கள் சாக்கடையில் கொட்டியதில்லை. அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்கள் ஊரில் இருந்தார்கள், வந்து வாங்கிப் போவார்கள்.

முதன்முதலாக என்னிடம் தனியாக வேலை கொடுத்த பட்டறைக்காரர் வயதில் பெரியவர். "தம்பி, பளபளப்பு இருக்கட்டும். கடைக்காரங்க கையில வாங்குனா அது தானா தெரியப் போவுது. எனக்குக் கண்ணி ஒவ்வொண்ணும் எண்ணுற மாதிரி தெரியணும். பத்தவெச்ச எடம் தெரியணும்" என்றார். நகைப் படம் என்றாலே மின்ன வேண்டும் என்று நினைத்திருந்த எனக்கு அவர் கேட்டது புதிது. வேலையைக் காட்டு என்கிறார். மினுக்கம் வந்தால் வேலை மறைந்துவிடும்.

வழி அவருடைய பட்டறையிலேயே இருந்தது. பற்றவைத்த கொலுசைச் சூடாக்கி, நீர்த்த அமிலத்தில் போட்டு எடுப்பார்கள். வெள்ளியோடு கலந்த செம்பு சூட்டில் மேலே கறுத்துவிடும். அமிலம் அதைக் கரைத்துவிட்டால் மேல்தோலில் நல்ல வெள்ளி மட்டும் நிற்கும். அப்போது கொலுசு சுண்ணாம்பு அடித்த சுவர் போல மங்கிய வெண்மையாக இருக்கும். மெருகு அதற்குப் பிறகுதான். அந்த நிலையில் வெளிச்சம் எந்த ஒரு பக்கமாகவும் தெறிக்காமல் எல்லாப் பக்கமும் சிதறுவதால், ஒவ்வொரு கண்ணியின் வளைவுக்கும் அதனதன் நிழல் கிடைக்கிறது. "மெருகு போடறதுக்கு முன்னாடி ஒரு நாளைக்குக் குடுங்கய்யா" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார்.

கீழே ஒரு கடப்பைக் கல் பலகை. வெல்வெட் துணியில் தூசி ஒட்டும், நூல் பிரியும். கல் அப்படி இல்லை. வடக்குப் பார்த்த ஜன்னலில் நாலு முழ வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டினேன். வெளிச்சத்தைத் திருப்பியடிக்க எதிர்ப்பக்கம் தெர்மோகோல். அப்புறம் அதை எடுத்துவிட்டேன், நிழல் கொஞ்சம் ஆழமாக இருந்தால்தான் கண்ணிகள் பிரிந்து தெரிந்தன. மெருகு போட்டதையே எடுத்தாக வேண்டும் என்று சொல்பவர்களுக்கு வேறு ஏற்பாடு: சுற்றிலும் வெள்ளைத் துணிக் கூடாரம், விளிம்பு தெரிய ஓரங்களில் கறுப்பு அட்டைப் பட்டை. அதில் பாதி நாள் போய்விடும்.

வெளிச்சத்தை அளப்பதில்தான் கவனம் வேண்டும். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். கறுப்பான கடப்பைக் கல் நிறைந்த காட்சியில் அதை நம்பினால் வெளிச்சம் அதிகமாகி வெள்ளி வெளுத்துப்போகும். அதனால் கொலுசு இருக்கும் இடத்தில் 18 சதவீதச் சாம்பல் அட்டையை வைத்து அளப்போம். இன்னொன்று: பொருளில் பாதி அளவுக்கு உருவம் வரும்படி லென்ஸை முன்னால் தள்ளினால், ஃபிலிமுக்குப் போகும் வெளிச்சம் பாதிக்கும் கீழே குறையும். லென்ஸ் வழியாகவே அளக்கும் கேமரா இதைச் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளும். கை மீட்டர் வைத்திருப்பவர் தானே சேர்க்க வேண்டும். லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப்16-இல் அரை வினாடி, டிரைபாட், கேபிள் ரிலீஸ். தெருவில் லாரி போனால் காத்திருப்பேன்.

சேலத்து வெயிலுக்கும் டெவலப்பருக்கும் ஆகாது. 20 டிகிரியில் எட்டரை நிமிடம் எடுக்கும் ஃபிலிம், 24 டிகிரியில் ஏறக்குறைய ஆறு நிமிடத்திலேயே கழுவி முடிந்துவிடும். சித்திரையில் எங்கள் குழாய்த் தண்ணீர் 30-க்கு மேல் வரும். ஐஸ் வாங்கிவந்து டப்பில் போட்டு, அதில் டெவலப்பர், ஹைப்போ, அலசும் தண்ணீர் மூன்றையும் ஒரே சூட்டில் வைப்போம். டெவலப்பர் குளிர்ந்திருந்து அலசும் தண்ணீர் சுட்டால் ஃபிலிமின் ஜெலட்டின் சுருங்கி வலைவலையாக வெடிக்கும். ஏற்காட்டில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று முதலாளி அடிக்கடி சொல்வார்.

அலசுவதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. ஹைப்போவில் கந்தகம் இருக்கிறது. சரியாக அலசாத பிரிண்டில் அது தங்கி, படத்தின் வெள்ளியை மெல்லப் பழுப்பாக்கும். காலில் கிடக்கும் கொலுசு கறுப்பதும் காற்றில் உள்ள கந்தகத்தால்தான். ஆச்சரியம் என்னவென்றால், பிரிண்டின் வெள்ளி முழுவதையும் வேண்டுமென்றே வெள்ளி சல்ஃபைடாக மாற்றிவிட்டால் அது உலோக வெள்ளியைவிடத் தாக்குப்பிடிக்கும். அப்படி மாற்றிய பழைய செபியா, அதாவது பழுப்பு நிறப் படங்கள் இன்னும் நன்றாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பெரியவருக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. படம் கொலுசின் அசல் அளவிலேயே வேண்டும். கொலுசுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்திருந்தேன். ஃபிலிமின் உருவத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் என்லார்ஜரின் கீழே விழும் உருவத்தின் மேல் நிஜ ஸ்கேலை வைத்து, இரண்டின் கோடுகளும் ஒத்துப்போகும்வரை என்லார்ஜரின் தலையை ஏற்றி இறக்கினேன். நார்க் காகிதம் நனைந்து காய்ந்தால் அளவு மாறும் என்பதால் பிளாஸ்டிக் பூசிய ஆர்சி காகிதத்தில் பிரிண்ட் போட்டேன்.

அவர் மேஜை மேல் பிரிண்டை விரித்து, கொலுசைக் கொண்டுவந்து அதன் மேலேயே கிடத்தினார். கொக்கியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கண்ணியாக நகத்தால் தள்ளிப் பார்த்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, படத்தில் இருந்த பற்றவைப்பின் திட்டு ஒன்றைக் காட்டி, அதைச் செய்த பையனைக் கூப்பிட்டு, "இங்க பத்தவெக்கிற பொடி அதிகமாயிருக்கு பாரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்த ஜோடிக்குத் திருகாணிப் பக்கமும் ஒண்ணு எடுத்துருங்க தம்பி" என்றார்.