சீறுகிற சுண்ணாம்பும் சொறியில்லாத எலுமிச்சையும்

இன்று காலை பறித்து எண்ணிய நூறு காயில் சொறி விழுந்தது பதினொன்றுதான். போன தை மாதம் இதே மரங்களில் நூற்றுக்கு அறுபதைத் தாண்டியது. அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் நிற்பவை 22 எலுமிச்சை மரங்கள், எல்லாம் பெரியகுளம் பி.கே.எம். 1 ரகம். மூன்று வருஷம் இவற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் சத்தமாகவே சொல்லிக்கொள்கிறேன்: காயிலும் இலையிலும் சொரசொரப்பான புள்ளி விழவைக்கும் பாக்டீரியா நோயான இந்தச் சொறிநோயைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

வைகாசியில் கவாத்து செய்ததையும் வெட்டிய குச்சிகளை எரித்ததையும் விவரிக்கப் போவதில்லை. எலுமிச்சை வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். எழுத வந்தது போர்டோ கலவையைப் பற்றி, அதாவது மயில்துத்தமும் (காப்பர் சல்பேட், தாமிர உப்பு) சுண்ணாம்பும் கரைத்து மரத்துக்குத் தெளிக்கும் மருந்தைப் பற்றி. அதிலும் சுண்ணாம்பைப் பற்றி.

100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. இந்தக் கணக்கில்தான் முதல் வருஷம் அடித்தேன். நாலே நாளில் கொழுந்து இலைகள் ஓரம் கருகி உதிர்ந்தன. மறு வருஷம் பயந்துபோய் மயில்துத்தத்தைப் பாதியாக்கினேன். கருகல் குறைந்தது, சொறி குறையவில்லை. கணக்கில் தப்பா, தண்ணீரில் தப்பா என்று மண்டையைக் குடைந்ததுதான் மிச்சம்.

விடை சொன்னவர் எங்கள் தெருவில் வெள்ளையடிக்கிற பெரியவர். நான் பக்கெட்டில் சுண்ணாம்புப் பவுடரைக் கரைத்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தார்.

“தம்பி, இது செத்த சுண்ணாம்புல்ல? தண்ணி ஊத்துன பெறகும் சும்மா கெடக்கு பாருங்க. சுண்ணாம்புன்னா ஊத்துனதும் சீறணும்.”

“பாக்கெட்ல புதுசுன்னு போட்டிருக்கே அய்யா?”

“பாக்கெட்ட விடுங்க. கையை வெச்சுப் பாருங்க, சுடுதா?”

சுடவில்லை. அங்கேதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சுண்ணாம்பு காற்றுப் பட்டுக் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வெறும் சாக்கட்டியாக மாறிவிடுகிறது. அதற்கு மயில்துத்தத்தின் கடுமையை முழுதாக அடக்கும் சக்தி கிடையாது. அடங்காமல் மிஞ்சிய தாமிரம் இலையைச் சுட்டுவிடுகிறது. இரண்டு வருஷம் நான் அடித்தது போர்டோ கலவையே அல்ல.

இப்போது பவுடரைத் தொடுவதில்லை. கல்லாகக் கிடைக்கும் சுட்ட சுண்ணாம்பு மட்டும்தான், அதுவும் அந்த வாரம் வந்த சரக்கா என்று கேட்டுத்தான் வாங்குகிறேன். மதுரையில் காளவாசல் என்றால் இன்று எல்லோருக்கும் பஸ் நிறுத்தம்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லுக்குச் சூளை என்று பொருள். பெயர் ஊருக்குள்ளேயே இருக்கிறது, நல்ல சுண்ணாம்புக் கல்லுக்கோ நான் நாலு கடை ஏற வேண்டியிருக்கிறது. கிடைத்ததை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் காற்றுப் புகாமல் வைக்கிறேன்.

ராத்திரியே மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து, பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கவிடுகிறேன். அடியில் கொட்டினால் விடிந்தாலும் கரையாது. தொங்கினால் நீலம் நூல்நூலாகக் கீழே இறங்கி, காலையில் துணி காலியாக இருக்கும். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது. சுண்ணாம்புக் கல்லில் சிறிது சிறிதாகத் தண்ணீர் விட, அது சீறி, வெடித்து, பூத்து அடங்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். நன்றாக ஆறிய பிறகு பாலாகக் கரைத்து, மயில்துத்தத் தண்ணீரைத்தான் அதில் ஊற்ற வேண்டும், கிண்டிக்கொண்டே. மாற்றி ஊற்றினால் கட்டிதட்டுகிறது.

அடுத்தது ஆணிச் சோதனை. இதைச் செய்யாமல் ஒரு சொட்டும் தெளிக்காதீர்கள். உப்புத்தாளில் பளபளவென்று தேய்த்த இரும்பு ஆணியைக் கலவையில் ஒரு நிமிஷம் விட்டேன். எடுத்தால் நுனியிலிருந்து பாதிவரை புதுச் செப்புக்காசு மாதிரி சிவந்திருந்தது. இன்னும் தாமிரம் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு மக் சுண்ணாம்புப் பால் சேர்த்து, வேறு ஆணி. நுனியில் மட்டும் சிவப்பு. இன்னும் அரை மக். மூன்றாவது ஆணி விட்டபடியே வெள்ளையாக வந்தது. அந்த ஆணியைக் கழுவித் துடைத்து ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

பழைய வேட்டியில் வடிகட்டி, அன்றைக்கே அடித்து முடித்தேன். மறுநாள் வைத்திருந்தால் வீணாகிவிடும். டிரம் கழுவிய தண்ணீரைக் கண்மாய்ப் பக்கம் விடவில்லை. தாமிரம் மீனுக்கு ஆகாது.

வந்த சொறியை இது ஆற்றாது. இலைத்துளை வழியாகவும் காயம் வழியாகவும் பாக்டீரியா உள்ளே போவதற்கு முன் மேலே பூசி நிற்பதுதான் இதன் வேலை. அதனால் கொழுந்து பாதி விரிந்ததும் ஒரு தெளிப்பு, மழைக்காலத்தில் மாதம் ஒன்று. மருந்துக்கடையில் ஸ்ட்ரெப்டோமைசின் பவுடரைக் கலக்கச் சொன்னார்கள். காசநோய்க்கு மனுஷருக்குக் கொடுக்கும் மருந்து அது. மரத்துக்கு அடித்து அடித்து, அதற்கு அடங்காத கிருமியை நானே என் தோட்டத்தில் வளர்க்க மாட்டேன். இலைத்துளைப்பான் புழு கோடு போட்ட இலையில்தான் சொறி அடர்த்தியாக வருகிறது, அந்தக் கோடு அத்தனையும் திறந்த காயம். அதற்கு 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு. போர்டோவோடு கலக்காமல், ஒரு வாரம் விட்டு.

மரங்களை வெட்டிவிட்டுப் புதிதாக வைக்கச் சொன்னவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் நோய் கண்ட மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் இருந்த எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாவற்றையும் வெட்டிப் பார்த்தார்கள். புயல்கள் நோயை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. 2006-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். காற்றோடு வரும் மழைக்கு இருக்கும் சக்தி அது.

என் தோட்டத்திலும் அதே கதைதான். இன்றைய பதினொன்றில் ஒன்பது காய் வடகிழக்கு ஓரத்து மூன்று மரங்களில் இருந்து. ஐப்பசி மழை முகத்தில் அறைவது அங்கேதான். அந்த ஓரத்தில் நெருக்கமாக அகத்தி போட வேண்டும், ஆட்டுக்கும் தழையாகும். விதை சொல்லி வைத்திருக்கிறேன். கோவில் மாலைக்கு எடுக்கும் பூக்கடைக்காரர் புள்ளியில்லாத காயாக வாரம் இருநூறு கேட்கிறார். ஒரு புள்ளி இருந்தாலும் அவர் தொட மாட்டார். ஆடிக்குள் அந்த மூன்று மரத்தையும் அவருக்குக் கொடுக்கிற தரத்துக்குக் கொண்டுவர எண்ணம்.

சொறிக் குச்சிகளை நேற்று வெட்டியாயிற்று. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்தேன். வெட்டு வாயில் பூசப் போர்டோ பசை, 1 லிட்டருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம். ஒரு மரம் முடிந்தது, இரண்டு பாக்கி. பெயிண்ட் பிரஷ்ஷில் பசை வழிந்துவிடுகிறது. பெரியவரிடம் சொன்னேன். நாளைக் காலையில் தன் வெள்ளையடிக்கிற மட்டையோடு வருகிறாராம்.