85 சென்டிமீட்டர்: தடைக்கால நாட்குறிப்பு

மார்ச் 19, வியாழன்

காலை 8 மணிக்கு ரயில் முன்பதிவு திறந்ததும் டிக்கெட் எடுத்துவிட்டேன். முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னாலேயே எடுக்கலாம், 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். மே 18 பயணத்துக்கு இன்றுதான் கதவு திறக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து போட் மெயில், இரண்டு பெர்த். திரும்பும் டிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமைதான் எடுக்க முடியும், போகவர 1,640 ரூபாய் ஆகும். எங்கள் மகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம், தம்பிக்கு டிக்கெட் இல்லை. ஐந்து வயது முடியும் வரை ரயிலில் இலவசம், தனி பெர்த் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது மண்டபம். இங்கேயே ஏறலாம். ஆனால் மண்டபத்தில் ஏறினால் பாம்பன் பாலம் பின்னால் போய்விடும். பாலத்தில் போகாததெல்லாம் தம்பிக்கு ரயிலே இல்லை. அதனால் ராமேஸ்வரம் போய் ஏறி, பாலத்தில் கடலைத் தாண்டி, மறுபடி நம் ஊர் வழியாகவே போகப்போகிறோம். என் வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

தாம்பரத்தில் இருக்கும் மதினி மூன்று வருஷமாகக் கூப்பிடுகிறார். அவர் மகனுக்கு ஏழு வயது. அங்கே பக்கத்தில் ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறதாம், தம்பியையும் கூட்டி வா என்று பிடிவாதம். தம்பிக்கு ஜனவரியில்தான் இரண்டு முடிந்தது.

ஏப்ரல் 15, புதன்

தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். நான் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியிலும் இனி பாதிச் சம்பளம்தான். ஊரெல்லாம் பள்ளி விடுமுறைக்குப் பையைக் கட்டும்போதுதான் எங்கள் வீட்டில் வருமானம் நிற்கும். நேரம் இருக்கிற மாதத்தில் காசு இருக்காது, காசு இருக்கிற மாதத்தில் இவர் கடலில் இருப்பார்.

அத்தை நேராகவே கேட்டார். "நிவாரணப் பணம் எட்டாயிரத்த வச்சு ஊர் சுத்தப் போறீகளா?"

இல்லை அத்தை, சீட்டுப் பணம் என்றேன். அது பாதி உண்மை.

ஏப்ரல் 27, திங்கள்

பூங்காவின் விதிகளைப் படித்தேன். வயதே கேட்கவில்லை, உயரம்தான் கணக்கு. 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம். அதற்கு மேல் 140 வரை குழந்தை டிக்கெட்.

தையல் டேப்பை எடுத்துத் தம்பியைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தினேன். நிற்கிற ஆளா அவன்? நான்கு தடவை அளந்ததில் 83, 86, 84 என்று வந்தது. ஒரு தடவை ஓடியே போய்விட்டான். கடைசியில் தூங்கும்போது பாயில் நீட்டி அளந்தேன், 85. கோட்டின் மேலேயே படுத்திருக்கிறான். படுக்கையில் அளந்தால் கொஞ்சம் கூடத்தான் காட்டும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"முட்டியக் கொஞ்சம் மடக்கச் சொல்லு" என்றார் அத்தை. போகவே கூடாது என்றவர்தான் இப்போது யோசனையும் சொல்கிறார்.

மே 3, ஞாயிறு

சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா மகன் அண்ணன் பேசினார். "சென்னைக்கு எதுக்குப் போற, இங்க வா. இங்க யுனிவர்சல் ஸ்டுடியோஸ்ல நாலு வயசு ஆகாத பிள்ளைக்கு டிக்கெட்டே இல்ல" என்றார். பூங்காவுக்கு இலவசம் சரி, விமானத்துக்கு? இரண்டு வயது முடிவதற்குள் என்றால் மடியில் வைத்துக்கொண்டு கைக்குழந்தைக் கட்டணத்தோடு போய்விடலாம். இரண்டு முடிந்துவிட்டால் தனி இருக்கை, அதற்குத் தனிக் காசு. நான்கு மாதம் பிந்திவிட்டோம்.

அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்களில் மூன்று வயதுக்குள் இலவசமாம். மூன்றாம் பிறந்தநாளுக்கு முந்தின வாரமே ஓடிப் போய்வருகிற குடும்பங்கள் உண்டு என்று அண்ணன் சொன்னார். நம் அரசுப் பேருந்திலோ ஐந்து வயது வரை இலவசம். ஒரே பிள்ளை, விமானத்தில் பெரியவன், பேருந்தில் கைக்குழந்தை, சென்னையில் சென்டிமீட்டர்.

மே 9, சனி

ஒத்திகை. ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழாவுக்குப் போட்டிருக்கும் ராட்டினத்தில் தம்பியை ஏற்றிப் பார்த்தோம். சின்னக் குதிரை ராட்டினம்தான். ஒரு சுற்று முடிவதற்குள் அழுது, ராட்டினக்காரர் நிறுத்தி இறக்கிவிட்டார். பஞ்சுமிட்டாய், பலூன், ராட்டினம் எல்லாம் சேர்ந்து 240. இதைப் பயணக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம்.

மே 17, ஞாயிறு

பை கட்டினேன். டயப்பர் 640. பூங்காத் தண்ணீரில் பருத்தித் துணி கூடாது, நைலான்தான் வேண்டுமாம். ராமநாதபுரத்தில் தம்பிக்கு 380-க்கு ஒரு நீச்சல் உடுப்பு வாங்கினேன். எனக்கு மதினி இரவல் தருகிறேன் என்றார். இவருக்கு "எங்கிட்ட டவுசர் இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

மதினி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? நெத்திலிக் கருவாடு, முண்டு மிளகாய், ஓலைக்கொட்டானில் கருப்பட்டி. 1,250. கருவாட்டை நான்கு பைக்குள் கட்டியும் அலமாரி வரை வாடை வருகிறது.

மே 18, திங்கள், ரயிலில்

பாலம் வந்தபோது தம்பி தூங்கிவிட்டான். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூட. சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன், கன்னத்தைத் தட்டினேன், இவர் காதில் "ரயிலு, ரயிலு" என்றார். கண்ணைத் திறக்கவில்லை. மண்டபம் ஸ்டேஷனில், வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில், முழித்துக்கொண்டு "பாலம் எங்க?" என்றான்.

தனி பெர்த் இல்லாத இலவசம் என்றால் என்னவென்று ராத்திரி புரிந்தது. அவன் நீட்டிப் படுத்தான். நான் உட்கார்ந்தே வந்தேன்.

மே 20, புதன்

நேற்று முழுக்க மதினி வீட்டில் தூக்கம். இன்று பூங்கா. மதினி மகன் போன மாதம்தான் போய்வந்தானாம், அதனால் நாங்கள் மூன்று பேர் மட்டும். பெரியவர் டிக்கெட் 1,450 வீதம் இரண்டு, முதல்நாளே போனில் எடுத்தாகிவிட்டது. தாம்பரத்திலிருந்து கால் டாக்ஸி 780.

வாசலில் சுவரில் வரைந்த அளவுகோல். தம்பியை நிறுத்தினேன். "தம்பி எவ்வளவு பெரிய ஆளு?" என்று வீட்டில் கேட்டால் குதிகாலைத் தூக்கி, கையை மேலே நீட்டிக் காட்டுவான், அது அவன் பழக்கம். இன்று யாரும் கேட்கவில்லை. அளவுகோலைப் பார்த்ததும் அவனாகவே குதிகாலைத் தூக்கிவிட்டான். அளந்த பையன் நல்லவன், காலைக் கீழே வைக்கச் சொல்லி மறுபடி அளந்தான். 86. 1,160 ரூபாய்.

உள்ளே போன பிறகுதான் அடுத்த அளவுகோல்கள். ஒவ்வொரு விளையாட்டின் வாசலிலும் ஒரு கோடு. 90, 120, 140. டிக்கெட் வாங்கும் அளவுக்கு வளர்ந்த பிள்ளை, ஏறும் அளவுக்கு வளரவில்லை. அவனுக்கென்று இருந்தவை மூன்று: பொம்மை ரயில், குதிரை ராட்டினம், வட்டமாகச் சுற்றும் தேநீர்க் கோப்பைகள். குதிரையில் இந்த முறை அழவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

தண்ணீர்ப் பகுதி வாசலில் இவரை நிறுத்திவிட்டார்கள். டவுசர் பருத்தி. உள்ளே இருக்கும் கடையில் 950 கொடுத்து நைலான் சட்டையும் கால்சட்டையும் வாங்கினோம். இருபது வருஷமாக உப்புத் தண்ணீரில் நிற்கிறவரைத் தண்ணீருக்குள் விடத் தகுதியான உடுப்பு இல்லை என்று ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றார். அலைக் குளத்தில் சங்கு ஊதினதும் எல்லோரும் கத்திக்கொண்டு இறங்கினார்கள். "இது என்ன அலை, மணியடிச்சா வருது" என்றார். தம்பி முதல் அலையிலேயே தண்ணீர் குடித்துவிட்டான்.

மதியம் அசல் சிக்கல் ஆரம்பித்தது. பெரிய ரோலர் கோஸ்டர் வரிசை. ஒருவர் போனால் ஒருவர் பிள்ளையோடு நிற்க வேண்டும். நீங்க போங்க என்றேன். 50 நிமிஷம். கத்திரி வெயிலில் தண்ணீர் தெளிக்கும் குழாய் பக்கம் தம்பியை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தேன். இவர் தலைமுடி நட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்தார். சரி, என் முறை. வரிசையின் வாலைப் பார்த்தேன், முன்னைவிட நீளம். அதற்குள் தம்பி எழுந்து பால் கேட்க ஆரம்பித்தான். போகவில்லை.

சாயங்காலம் பெரிய ராட்டினத்தில் மட்டும் ஏறினேன். உச்சிக்குப் போனதும் எல்லோரும் தூரத்தைப் பார்க்கிறார்கள், நான் கீழே இவர்கள் இரண்டு பேரும் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தபோது இவர் பெஞ்சில் தம்பியைப் படுக்கப் போட்டு டயப்பரைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டிருந்தார். இறங்கும் வரை அதைத்தான் பார்த்தேன்.

வெளிச் சாப்பாடு கூடாது. தம்பியின் கஞ்சி ஃபிளாஸ்க்கைத் திறந்து பார்த்து விட்டுவிட்டார்கள். எங்களுக்குச் சாப்பாடு, ஜூஸ், ஐஸ்கிரீம் 1,240. லாக்கர் 200. குதிரையில் எடுத்த படம் 250, அதில் தம்பி கேமராவைப் பார்க்கவில்லை. திரும்பும்போது டாக்ஸி 1,050, நெரிசல் நேரமாம்.

மே 23, சனி

நேற்றுக் காலை ஊர் வந்தோம். ராத்திரியே காய்ச்சல். காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். மருத்துவரும் மருந்தும் 1,120. குளத்துத் தண்ணீர் குடித்தானா என்று கேட்டார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

மே 25, திங்கள்

காய்ச்சல் இறங்கிவிட்டது. கணக்கை முடித்தேன். மொத்தம் 13,560. தம்பி ஏறிய மூன்றுக்கும் பங்கு போட்டால் ஒன்றுக்கு 4,520 ரூபாய் ஆகிறது. தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் வேலைக்கு இவர் போயிருந்தால் நாளுக்கு 700, நான்கு நாளுக்கு 2,800. அதை எழுதாதே என்றார். பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஐஸ் கம்பெனிக் கணக்கு மாதிரி பார்த்தால் தவறு எங்கே என்று தெரிகிறது. நான் தம்பியின் டிக்கெட்டைப் பற்றியே இரண்டு மாதம் கவலைப்பட்டேன். அது 1,160. வீணானது என் டிக்கெட், 1,450. பெரியவர்கள் இருவர் போனோம், எந்த நேரத்திலும் ஒருவர்தான் விளையாடினோம். தம்பி 85-க்குக் கீழே இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அவன் டிக்கெட்டை நான் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் எங்கள் இரண்டு டிக்கெட்டில் ஒன்று அவன் மடியில்தான் போயிருக்கும்.

மே 31, ஞாயிறு

அண்ணனிடம் இதைச் சொல்லி அழாத குறை. குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். டிஸ்னியில் இதற்கு வழி வைத்திருக்கிறார்களாம், ரைடர் ஸ்விட்ச் என்று பெயர். முதலில் அப்பா வரிசையில் நின்று ஏறிவருவார், அம்மா பிள்ளையோடு வெளியே இருப்பார். அப்பா வந்ததும் அம்மா நீள வரிசையில் நிற்காமலே நேரே ஏறலாம். எங்கள் பூங்காவில் அப்படி உண்டா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இதை அத்தையிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். பிறகு, "பிள்ளைய யாராச்சும் பாத்துக்கிட்டா நீங்க ரெண்டு பேரும் போகலாம்ல" என்றார்.

ஜூன் 14, ஞாயிறு

நள்ளிரவோடு தடை முடிகிறது. ஐஸ் கம்பெனியில் காலையிலிருந்து ஆள் நிற்கிறது, ஐஸ் பார்களை அரைக்கும் சத்தத்தில் போன் பேச முடியவில்லை. இவர் டீசல் ஏற்றப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வரும்போது ராத்திரி எட்டு.

தம்பி கதவு நிலையில் முதுகைச் சாய்த்துக் குதிகாலைத் தூக்கி நிற்கிறான். அளக்கச் சொல்கிறான். பக்கத்தில் அத்தை.

"அந்த ஊர்ல எனக்கு டிக்கெட் எவ்வளவு?"

மூத்தவர்களுக்குத் தள்ளுபடி உண்டு அத்தை, 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்றேன். "எனக்கு ஆகிருச்சே. தனுஷ்கோடிப் புயலடிச்ச வருஷம் பொறந்தவ நான்." 1964. சரிதான். அடையாள அட்டை கேட்பார்களே என்று பெட்டியிலிருந்து அவர் ஆதாரை எடுத்துப் பார்த்தேன். பிறந்த தேதி 1.1.1969.

ஆதார்படி அத்தைக்கு இன்னும் இரண்டரை வருஷம் போக வேண்டும்.